தம்பி திட்டிய மதிப்பீட்டாளர்

அந்த மருத்துவ இதழ் அலுவலகத்தில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர். வருகிற கட்டுரையில் எழுதிய டாக்டரின் பெயரை நீக்கிவிட்டு, அந்தத் துறையில் கரைகண்ட இருவருக்கு மதிப்பிட அனுப்புவாள். அவர்கள் கருத்து வந்ததும் அவர்கள் பெயரையும் நீக்கி, எழுதியவருக்கு அனுப்புவாள். யார் யாரைக் கிழித்தார்கள் என்பது ஆசிரியருக்கும் அவளுக்கும்தான் தெரியும். பதினெட்டு வருடத்தில் ஒரு பெயரும் அவள் வாயிலிருந்து விழுந்ததில்லை.

சோதனைக்கென்றே அவள் தம்பியின் கட்டுரை வந்து சேர்ந்தது, ஒரு புது வலி மாத்திரையைப் பற்றி. வெளிவந்தால்தான் அவனுக்குப் பதவி உயர்வு. ஓடிப்போய் ஆசிரியரிடம் சொன்னாள்.

"முடிவெடுக்கறது நான். நீங்க அனுப்பற வேலைய மட்டும் பாருங்க," என்றார் அவர்.

முதல் மதிப்பீட்டாளர் தலையாட்டிவிட்டார். இரண்டாமவர் பிடித்துக்கொண்டார்: "மாத்திரை கொடுத்தது அறுபத்துநான்கு பேருக்கு. முடிவில் அறுபத்தொரு பேர்தான் இருக்கிறார்கள். மற்ற மூவர் எங்கே?"

தம்பி அவள் வீட்டுக்கே வந்து குதித்தான்.

"மயக்கம் வருதுன்னு மூணு பேரு பாதியில நிறுத்திட்டாங்க. அப்படிப்பட்டவங்கள சேர்க்க வேணாம்னு, நாங்கல்லாம் படிக்கற பெரிய டாக்டர் புத்தகத்துலயே இருக்கு. இந்த அரைவேக்காடு மொதல்ல அதப் படிக்கட்டும்! யாருக்கா இவன்?"

அந்தப் பெரிய டாக்டர்தான் அந்த அரைவேக்காடு. அவளுக்குப் பெயர் தொண்டை வரை வந்துவிட்டது.

"டீ ஆறுது, குடி," என்றாள்.

"கூடப் பொறந்தவன் பொழப்பு போகுது, வாயத் தொறக்க மாட்டேங்கற. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

சுருக்கென்று தைத்தது. அவன் போனபிறகு அழுதாள். மறுநாள் அவன் பதிலை, "மதிப்பீட்டாளர் அந்தப் புத்தகத்தைப் படிப்பது நலம்" என்ற வரியோடு, ஓர் எழுத்தும் மாற்றாமல் பெரியவருக்கே அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. "அந்தப் பக்கத்தில் இருப்பது தவறு. மூவரையும் சேர்த்து எழுதட்டும், வெளியிடலாம்." ஆசிரியருக்கு மட்டும் தனியாக ஒரு வரி: "அந்தப் பக்கத்தை எழுதிய மடையன் நான்தான்." அந்த வரியை வெட்டிவிட்டுத் தம்பிக்கு அனுப்பினாள்.

"பெரியவரையே தப்புங்கறான், திமிரப் பாரு!" என்று போனில் கத்தினான் தம்பி. கத்திக்கொண்டே மூவரையும் சேர்த்தான். மாத்திரையின் மகிமை கொஞ்சம் குறைந்து, மயக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை ஏறி, கட்டுரை வெளிவந்தது. பதவி உயர்வும் வந்தது. அக்காவோடு பேச்சு மட்டும் இல்லை.

ஏழு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"அக்கா, மதிப்பிடச் சொல்லி உங்க இதழ்லேருந்து எனக்கு ஒரு கட்டுரை வந்திருக்கு. எழுதினது யாரோ பெரிய ஆளு போலிருக்கு. ஆனா ஏகப்பட்ட ஓட்டை. உள்ளத உள்ளபடி எழுதினா... என் பேரு வெளிய போகாதுல்ல?"

"எழுதுடா. உன்கிட்டயே சொல்லாதவ, வேற யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேங்கா," என்றான்.