முந்தின வாரத்துக் கோபம்

யோகா டீச்சருக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவரை ஒரே ஒரு நாள் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை என்னோடு பஸ்ஸில் நின்றபடி வரச் சொல்ல வேண்டும்.

நான் நடத்துவது பொதுவான யோகா வகுப்பு இல்லை. மாதவிடாய்க்கு முந்தின வாரம் இருக்கிறதே, மார் வலித்து, வயிறு உப்பி, தலை கனத்து, உப்பு டப்பா மூடி திறக்கவில்லை என்பதற்கெல்லாம் அழுகை வந்து, யார் வாயைத் திறந்தாலும் அறையத் தோன்றுமே, அந்த வாரத்தைக் கடப்பதற்கான வகுப்பு. மாதவிடாய் வந்ததும் முக்கால்வாசி தானாகவே சரியாகிவிடும். பிறகு அடுத்த மாதம் வரை நாமும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆண்களும் படிக்கலாம், உங்கள் வீட்டிலும் நடக்கிற சங்கதிதான். எனக்கும் அந்த வாரம் உண்டு. இதை எழுதுவதும் அந்த வாரத்தில்தான் என்பதால் கொஞ்சம் சூடாக இருக்கும். வேறு வாரத்தில் எழுதியிருந்தாலும் சூடாகத்தான் இருந்திருக்கும்.

மஞ்சள் தண்ணீர்

சனிக்கிழமை வகுப்பு அரியலூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் லாரிப் புழுதி. மூடினால் மூச்சுப் பயிற்சிக்கு மூச்சே கிடைக்காது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மஞ்சள் தண்ணீர். வகுப்பு முடிந்து நாங்கள் படி இறங்கும்போதே மண்டபத்து வேலைக்கார அம்மா குடத்தோடு மேலே ஏறுவார். மண்டபக்காரர் உத்தரவு. பெண்கள் விஷயத்துக்கான யோகா என்று காதில் விழுந்ததுமே, வருகிறவர்கள் எல்லோரும் தூரமாகித்தான், அதாவது தீட்டோடுதான், வருகிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மறுநாள் அங்கே முகூர்த்தம் நடக்க வேண்டுமாம்.

அவரைத் தேடிப் போய்ப் பொறுமையாகச் சொன்னேன். ஐயா, இது முந்தின வாரத்துக்கான பயிற்சி, இன்னும் யாருக்கும் வரவில்லை, வந்திருந்தாலும் உங்கள் தரைக்கு ஒன்றும் ஆகாது, ஈரத்தில் எவளாவது வழுக்கி விழுந்தால்தான் ஆகும் என்றேன். அங்கேயே சுருட்டி வைத்துவிட்டு வரும் என் பாய்கள் ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கிடப்பதையும் காட்டினேன். மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரிந்துவிட்டது என்று நான் எழுந்தபோது சொன்னார்:

"அப்ப முந்தின வாரமே ஆரம்பிச்சிடுதுங்களா? நல்லவேளை சொன்னீங்க. இனிமே கிளாசுக்கு முன்னாடியும் ஒரு குடம் தெளிக்கச் சொல்லிடுறேன்."

அந்த வார்த்தை வேண்டாம்

திருமானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ மாணவிகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் வாசலிலேயே என்னை மடக்கி, "அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க மேடம்" என்றார். எந்த வார்த்தை என்று கேட்டேன். அதை அவரும் சொல்லவில்லை. சரி, உள்ளே போனால் முதல் வரிசை நாற்காலிகளில் ஆண் வாத்தியார்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பின்னால் தரையில், குனிந்த தலை நிமிராமல். பட்டாம்பூச்சி ஆசனம் செய்யச் சொன்னால் ஒருத்தியும் காலை அசைக்கவில்லை. எப்படி அசைப்பார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கை அணைத்துவிட்டு, சார்கள் எல்லோரும் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை.

முழங்காலில் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் குழந்தை ஆசனம், சுவரில் கால் சாய்த்துப் படுப்பது, மெதுவாக மூச்சை விடுவது என்று அந்த வாரத்துக்குச் சுலபமான சிலதைக் காட்டினேன். எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டும்போது நிவேதா என்று ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"எங்கம்மாவுக்கும் இது இருக்குமா மிஸ்? மாசத்துல ஒரு வாரம் என்னைய அடிச்சிட்டு, அப்புறம் அவங்களே உக்காந்து அழுவுறாங்க."

கோபம் போகும் ஆசனம்

அம்மாவைச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா என்று நிவேதாவிடம் சொல்லியிருந்தேன். வந்தது அம்மாவும் அப்பாவும். அம்மா பெயர் மலர். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர். அப்பா முருகேசன், ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். மலரிடம் நான் என்ன கேட்டாலும் முருகேசன்தான் பதில் சொன்னார். தூக்கம் எப்படி இருக்கிறது என்றேன். "நல்லா தூங்குவா டீச்சர்" என்றார். தலைவலி உண்டா என்றேன். "அதெல்லாம் இல்லீங்க" என்றார். மலர் அவருக்குப் பின்னால் நின்று தூக்கத்துக்கு இல்லை என்றும், தலைவலிக்கு ஆமாம் என்றும் எனக்குச் சைகை காட்டினார்.

பிரச்சினை வேறு என்றார் முருகேசன். மகளைத் தன் தங்கச்சி பையனுக்குக் கொடுப்பதாக எப்போதோ பேசி வைத்தது. முறை மாப்பிள்ளை, திருமழபாடியில் சொந்த வீடு. பதினெட்டு முடியட்டும் என்று சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் காத்திருக்கிறார்களாம், அதற்கு நான் மெச்ச வேண்டும் என்பது போலப் பார்த்தார். நிவேதாவுக்கோ நர்சிங் படிக்க வேண்டும். மலர் மற்ற நாளெல்லாம் வாயைத் திறக்க மாட்டார், அந்த ஒரு வாரம் வந்தால் மட்டும், கல்யாணம் கிடையாது, பிள்ளை படிக்கணும் என்று சட்டிபானை உருளும்படி சண்டை போடுகிறார். இதுதான் அவர் கண்ட நோய். அதற்கு என்னிடம் மருந்து கேட்டார்:

"கை கால் வலியெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் டீச்சர். அந்தக் கோபம் போற ஆசனம் எதுவோ, அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

குணமாகும் போர்டு

பெரம்பலூரில் என்னோடு யோகா நடத்தும் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், நன்றாகவே கற்றுத் தருவார், ஆனால் போர்டு எழுதும்போது கை நிற்காது. நீரிழிவு குணமாகும், தைராய்டு குணமாகும், கர்ப்பப்பைக் கோளாறு அனைத்தும் குணமாகும். அந்தப் போர்டை நம்பித் தைராய்டு மாத்திரையைக் குப்பையில் போட்ட ஒரு பெண், முகம் வீங்கிப் போய் என் வகுப்புக்கு வந்தாள். அன்று மாஸ்டரோடு நடுத்தெருவில் சண்டை போட்டேன். ஆசனம் செய்தால் உடம்பு தளரும், தூக்கம் வரும், பலருக்கு வலியும் படபடப்பும் குறையும், சிலருக்கு அதுவும் குறையாது. வைத்தியத்துக்குத் துணையாக நிற்கிற ஒன்றை வைத்தியம் என்றே எழுதி வைத்தால் அது பொய் இல்லையா என்று கேட்டேன்.

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அவர்தான் நிஜமான யோகா டீச்சர். சிரித்துக்கொண்டே என் வகுப்பு போர்டைக் காட்டினார். அதில் 'மாதவிடாய்க்கு முந்தின சிரமங்களுக்குத் துணைப் பயிற்சி, மருத்துவரின் மருந்தை நிறுத்த வேண்டாம்' என்று எழுதியிருக்கும்.

"போயிடும்னு சொன்னாத்தான்மா கூட்டம் வரும். துணையா இருக்கும்னு எழுதினா எவ வருவா? துணைக்குத்தான் வூட்ல புருஷன் இருக்கானே!"

கண்ணை மூடினால்

மலர் விடாமல் வந்தார். தையல் மெஷினில் குனிந்து குனிந்து கல்லாகிப் போன தோளும் இடுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. வயிற்று உப்பசம் முன்போல இல்லை என்றார். ஆனால் ஒரு சனிக்கிழமை, எல்லோரும் சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது மலர் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அது அவருக்கு முந்தின வாரம். பக்கத்தில் போனேன். கண்ணை மூட பயமாக இருக்கிறது என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, "இந்த வாரம் வந்தாலே உசுரோட இருக்கப் பிடிக்கலக்கா" என்றார். இது எத்தனையோ மாதமாக இருக்கிறதாம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

வகுப்பை அத்தோடு முடித்தேன். இதற்கு ஆசனம் போதாது, இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், நான் கூட வருகிறேன் என்று மலரிடம் சொன்னேன். முருகேசனுக்கும் போன் செய்து, உங்கள் மனைவியின் உயிர் விஷயம் என்று ஒளிக்காமல் சொன்னேன். பின்னால் லாரி ஹாரன் சத்தம். லாரியை அவர் ஓரம் கட்டுவது கேட்டது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்:

"டாக்டரா? அப்ப உங்க யோகா எதுக்கு டீச்சர்?"

வெளியே ஒரு கூட்டம்

அவர் சம்மதத்துக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. போன இடத்தில் லேடி டாக்டர் நல்லவராக அமைந்தார். அது அதிர்ஷ்டம்தான், எல்லா ஊரிலும் அமையாது. மலரை மட்டும் உள்ளே வைத்து நிதானமாகக் கேட்டார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு, இது வெறும் சிடுசிடுப்பு இல்லை, சில பெண்களுக்கு முந்தின வாரம் மனசை இந்த அளவுக்குக் கீழே தள்ளும், இதற்கு மருந்து இருக்கிறது என்று சொன்னார். ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்படித் தோன்றினால் தனியாக இருக்கக் கூடாது, உடனே யாரையாவது கூப்பிட வேண்டும் என்று மலரையே திருப்பிச் சொல்ல வைத்தார். கூப்பிட ஆள் நான் என்று முடிவாயிற்று.

முருகேசன் கேட்டது போல இனி என் யோகா எதற்கு என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் யோகாவை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று மலரும் பயந்துகொண்டிருந்தார். வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தானே வீட்டைவிட்டு வெளியே வருகிறார். தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார். டாக்டர் சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"மாத்திரையையும் விடாதீங்க, யோகாவையும் விடாதீங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. வெளியிலதான் நிறைய பேரு போடுவாங்க."

இந்த வாரம் அப்படித்தான்

டாக்டர் சொன்னது உடனே பலித்தது. நிவேதாவின் பரீட்சை நெருங்கும்போது தங்கச்சி வீட்டிலிருந்து நிச்சயத்துக்கு நாள் பார்க்க வந்துவிட்டார்கள். மலர் பேசப் பயப்படுகிறார், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நிவேதா போனில் அழுததால் நானும் போனேன். கூடத்தில் காபி கொடுத்தார்கள். மலர் டம்ளர்களை எடுத்துக்கொண்டே, சத்தம் போடாமல், "பிள்ளை மொதல்ல படிக்கட்டும்" என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முருகேசன் திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். விரலை விட்டு எண்ணினார். பிறகு வந்தவர்களைப் பார்த்துச் சமாதானமாகச் சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு பெண் சொல்லும் வார்த்தையைக் கேட்பதா வேண்டாமா என்று காலண்டரைப் பார்த்தா முடிவு செய்வார்கள்? நான் நோய் என்று புரியவைக்கப் படாதபாடு பட்டதை, இவர் மனைவியின் வாயை அடைக்கும் துணியாக மடித்து வைத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் எண்ணியதும் தப்பு. மலருக்கு மாதவிடாய் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முருகேசன் தங்கச்சியிடம் சொன்னார்:

"நீ ஒண்ணும் நெனச்சிக்காத புள்ள. அவளுக்கு இந்த வாரம் அப்படித்தான், அடுத்த வாரம் சரியாயிடுவா."

புகார்

அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த வாரங்களும் வந்தன. மாத்திரை வேலை செய்தது, மலர் தூங்கினார், நிவேதாவை அடிப்பது நின்றது. வகுப்பில் சவாசனத்தில் கண்ணை மூடினால் எல்லோரையும்விடக் கடைசியாக எழுந்திருப்பவர் இப்போது அவர்தான். இப்படி ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடியும் நேரத்தில் முருகேசன் மாடிக்கு ஏறி வந்தார். லேடீஸ் கிளாஸ் என்று உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். நின்ற இடம் மஞ்சள் தண்ணீர் தேங்கும் பள்ளம். வெள்ளை வேட்டியின் கரை மஞ்சளாவதை நான் பார்த்தேன், சொல்லவில்லை.

அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏமாந்து போன மனிதரின் களைப்பு இருந்தது. மலர் எனக்குப் பக்கத்தில் நின்று பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தார், அவசரமே படவில்லை. முருகேசன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு புகாரைச் சொன்னார்:

"என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? முன்னெல்லாம் மாசத்துல ஒரு வாரம்தான் கல்யாணம் வேணாம்னு கத்துவா. நாங்களும் காலண்டரைப் பாத்துட்டு சும்மா இருந்துடுவோம். இப்ப மாசம் பூரா வேணாம்ங்கிறா, அதுவும் கத்தாம சொல்றா. தங்கச்சி வேற எடத்துல பொண்ணு பாத்துட்டா. திங்கக்கிழமை புள்ளையைக் கூட்டிக்கிட்டு நர்சிங் காலேஜுக்குப் போவணுமாம், லீவு போடச் சொல்றா."

யோகா செய்தால் கோபம் போகுமா என்று இனி யார் கேட்டாலும், போகாது, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும் என்றுதான் சொல்லப்போகிறேன்.