ஊரையே நஷ்டத்தில் தள்ளியவள்

கள்ளக்குறிச்சியில் தொழில் செய்யும் பெண்களை ஒட்டுமொத்தமாக நஷ்டத்தில் தள்ளிய பெருமை எனக்கு உண்டு. வெள்ளத்தாலும் வறட்சியாலும் முடியாத காரியத்தை ஒரு பேனாவை வைத்துக்கொண்டு நான் சாதித்தேன்.

ஊர் தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பெண் தொழில்முனைவோருக்கு என்ன உதவி தேவை என்று ஓர் ஆய்வு. வெளியூர்ப் பேராசிரியர்கள் கேள்விகளைத் தயாரித்தார்கள். நாலைந்து மாதம் படிவமும் நோட்டுமாக வீதி வீதியாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை எனக்கு. எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை கிடைத்தால் சும்மாவா? குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றினேன்.

பதினேழாவது கேள்வி இதுதான்: உங்கள் தொழில் லாபத்தில் நடக்கிறதா, நஷ்டத்தில் நடக்கிறதா? வடக்கனந்தலில் மாவு மில் வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். எதிரே ஆறேழு பேர் டப்பாவும் பையுமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மா லாபம்? நஷ்டந்தான். ஏதோ ஓடிக்கினு இருக்குது" என்றார். புதிதாக ஏ.சி. போட்ட துணிக்கடைக்காரம்மா குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு அதையே சொன்னார். 'ஏதோ ஓடுது' என்று படிவத்தில் கட்டம் இல்லை. நானோ பரம யோக்கியை. நஷ்டம் என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

பஸ் ஸ்டாண்டு மதிலோரம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மலைக்கார அக்காவையும் விடவில்லை. கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் சாமையும் புளியும் நெல்லிக்காயும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்குவாள். பதினாலு வருஷமாக அதே மதில், அதே வெயில். மழை பிடித்தால் மூட்டைக்குத் தார்ப்பாய், அவள் தலைக்கு வெறும் முந்தானை. "நட்டத்துக்குத்தான் மேடம் ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள். கிளம்பும்போது இரண்டு கை நிறைய நெல்லிக்காய் அள்ளி என் பையில் போட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஆய்வறிக்கை போக வேண்டிய மேசைகளுக்கெல்லாம் போனது. ஒருநாள் அக்கா என்னைத் தேடி வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். "இன்னா எழுதிக்கிறாங்க, படி." அப்போது அரசாங்கத்தில் பெண் வியாபாரிகளுக்கென்று கூரை போட்ட கடைகள் சில கட்டியிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். அதற்கான பதில்தான் அது. ஆய்வின்படி அவள் தொழில் நஷ்டத்தில் நடப்பதால் கடை ஒதுக்க இயலாதாம். பதிலாகத் தையல் பயிற்சிக்குப் பரிந்துரைக்கிறார்களாம்.

"தையலா? ஊசில நூலு கோக்கவே எம் மவள கூப்புடுவேன்! எவ சொன்னா எனக்கு நட்டம்னு?"

"நீங்கதான்க்கா சொன்னீங்க."

"நான் அப்பிடித்தான் சொல்லுவேன். கேக்கறவங்க கிட்டல்லாம் நல்லா ஓடுது, ஜாஸ்தி ஓடுதுன்னு தண்டோரா போடுவாங்களா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு தெரியாதா? இன்னாத்த படிச்ச நீ?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, எதிர்வீட்டு அத்தை கேட்டபோது "ஏதோ பாஸ் பண்ணிட்டேன் அத்தை" என்றவள் நான். கரும்பு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்போதே "வெளைச்சல் சுமார்தான்" என்று சொல்கிற அப்பாவுக்குப் பிறந்தவள். படிவத்தைக் கையில் எடுத்ததும் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன், கழுதை.

கடைகளில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அந்த வாரத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அதுவும் வேறொருவருக்குப் போய்விடும். மறுநாளே அக்காவை இழுத்துக்கொண்டு, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு ஓடினேன். தவறு என்னுடையது என்று அங்கிருந்த பெண் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்லுங்கம்மா. லாபமா, நஷ்டமா?"

அறை நிறைய ஜனம். கடை கேட்டு வந்த மற்ற பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன்.

"ஏதோ ஓடுதுங்க."

"ஏதோன்னெல்லாம் எழுத முடியாதும்மா."

போச்சுடா என்று நான் நினைக்கையில் அக்கா நிமிர்ந்தாள். "மேடம், உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?"

"ஒரே பொண்ணு."

"நல்லா படிக்குதுங்களா?"

"ஏதோ படிக்கறா" என்றார் அதிகாரி, யோசிக்காமல்.

பின்னால் இருந்த குமாஸ்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா மேடம், பொண்ணுக்கு டாக்டர் சீட்டு கெடச்சிதுன்னு போன வாரம்தான் எல்லாருக்கும் லட்டு குடுத்தீங்க!" அறையே சிரித்தது. அதிகாரியும் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புரியுதும்மா. ஆனா நஷ்டம்னு காயிதத்துல ஏறிடுச்சே. நீங்க வாயால சொன்னாத்தான் நான் மாத்த முடியும்" என்றார்.

அக்கா இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "லாபந்தாங்க. நல்லா ஓடுது. பதினாலு வருசமா நல்லாத்தான் ஓடுது." குரல் நடுங்கியது. திருட்டை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி நின்றாள். இத்தனை வருஷம் உழைத்து ஜெயித்ததை ஒருத்தி இப்படி நடுங்கி நடுங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

கடை அவளுக்கே கிடைத்தது. சாவி வாங்கிய அன்று, கதவைத் திறப்பதற்கு முன்னால், டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு சட்டியில் நெருப்பு வாங்கி வந்தாள். உப்பையும் மிளகாயையும் கைநிறைய எடுத்துத் தனக்குத் தானே மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்துக் கருகியது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை, இருமல் வரவில்லை.

"பாத்தியா, நெடியே வர்ல. பட்டது பெரிய கண்ணு."

"அன்னிக்கு ஆபீஸ்ல அத்தன பேர் நின்னாங்களேக்கா. அதுல யாராவது இருக்கும்."

"அவங்கல்லாம் ஒரு நாள் பாத்தவங்க" என்றாள் அக்கா, இன்னும் நாலு மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டே. "மாசக்கணக்கா நோட்ட வெச்சிக்கினு எங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தது யாரு?"