அண்ணனுக்கு ஊற்றிய நட்சத்திரம்

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவில், ஈப்போ டவுனில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே முடிவெட்டும் கடையில் கிடந்த பழைய ஆங்கிலப் பத்திரிகையில்தான் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு தெருவின் நடைபாதை முழுக்க நட்சத்திரம் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நடிகரின் பெயரோ பாடகரின் பெயரோ எழுதியிருந்தார்கள். ஜனங்கள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கால்கள் கண்ணில் படவே இல்லை. பெயர்கள்தான் தெரிந்தன. அத்தனை பெரிய முட்டாள் நான்.

அண்ணன் செத்து அப்போது நான்கு மாதம். காலையில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பான், சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் பாடுவான். தாப்பாவிலிருந்து பாரிட் புந்தார் வரைக்கும் அவன் குரலுக்கு ஆள் இருந்தது. பாகான் டத்தோவில் பாடிவிட்டுத் திரும்பும்போது லோரி கவிழ்ந்தது. பின்னால் ஏறியிருந்த ஆறு பேரில் அவன் மட்டும் போனான்.

அவனை யாரும் மறந்துவிடக் கூடாது என்று எனக்கு வெறி. அவனோடு வாசித்த இசைக்குழுப் பையன்களிடம் அந்த நட்சத்திர விஷயத்தைச் சொன்னேன். தபேலா வாசிக்கிறவன், "செஞ்சிரலாம் மச்சான், நம்மாளுக்கு இல்லாததா" என்றான். தோட்டத்து மண்டப வாசலில், ஆட்கள் ஏறி வருகிற இடத்திலேயே சிமெண்ட் கலந்து ஊற்றினோம். காய்வதற்குள் நட்சத்திரம் கீறி, ஆணியால் அண்ணன் பெயரை எழுதினோம். பிறகு சிவப்புச் சாயம் பூசினோம்.

மாதம் ஒருமுறை மண்டபத்தில் சினிமா போடுவார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தோட்டமே திரண்டு வந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சிலர் தாண்டிப் போனார்கள், பலர் சேற்றுக் காலோடு மிதித்துப் போனார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காலில் ஒரு காகிதத் துண்டு பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டுத்தான் அது யார் பெயர் என்று தெரிந்துகொண்டார். உடனே குனிந்து முந்தானையால் சேற்றைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அடுத்த கால் வந்தது.

"மண்ணுக்குள்ள போட்டது பத்தலையா? மிதிக்கிறதுக்கு வாசல்லயும் போட்டிருக்கியா?" என்று என்னிடம் கேட்டார்.

அமெரிக்கா, மரியாதை என்று ஏதோ உளறினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா, வேலை முடிந்ததும் நேராகப் போய் அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களைச் சுற்றிப் போகச் சொன்னார். முதலில் போனார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள். பொடிசுகள் வேண்டுமென்றே ஓடிவந்து அதன்மேல் குதித்தன. அதில் ஒன்றை அம்மா அறைந்துவிட, அதன் தாய் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்று அம்மாவைப் பைத்தியம் என்று ஏசிவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாக் கோபமும் என்மேல்தான்.

அடுத்த ஞாயிறு காலை கடப்பாரையோடு போனேன். முழுசாகப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்துவிடலாம் என்று நினைப்பு. மூன்றாவது குத்திலேயே பெயரின் குறுக்கே விரிசல் ஓடியது. அப்புறம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பால்வாளியில் போட்டார். பிள்ளையின் பெயரைக் குப்பையில் கொட்ட முடியுமா? வாளியைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுப் பக்கம் நடந்தார். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன்.

அண்ணனைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தேன். அம்மா வாளியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தனுக்கு எத்தன தடவடா குழி வெட்டுவ?" என்றார்.

மழையில் துண்டுகள் மேலே வந்துவிடக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினேன்.