எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நெதர்லாந்து போனது

மகனின் கல்லூரிக் கலந்தாய்வு விருப்பப் பட்டியலை இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்தால், "உங்கள் நாட்டிலிருந்து இத்தளத்தைப் பார்க்க இயலாது" என்கிறது.

மோடத்தை அணைத்துப் போட்டேன். அதே பதில். உதவி எண்ணுக்கு அடித்தேன்.

"சார், நீங்க நெதர்லாந்துல இருக்கிறதா காட்டுது."

"நான் அரிமளத்துல இருக்கேம்மா!"

"அப்ப யாராச்சும் விபிஎன் போட்டிருப்பாங்க, நாம இருக்கிற நாட்டையே மாத்திக் காட்டுற சாஃப்ட்வேர். ஆஃப் பண்ணுங்க சார்."

தேடினால், நிஜமாகவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன், இணையமே நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தேன், எனக்கு முன்னால் அது எழுந்து உட்கார்ந்திருந்தது.

"எந்த மடப்பய இதப் போட்டது?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் என் மகளின் கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாந்தான் மாமா. அங்க வீடியோ காலுக்குத் தடை, அதனால பேச எல்லாரும் போட்டிருப்போம். இங்கயும் நெட்டு ஸ்பீடா வரட்டும்னு நேத்து போட்டுவிட்டேன்."

அவருக்குப் பின்னால் நின்று என் மனைவி கண்ணாலேயே என்னை எரித்தாள்.

"அப்படிங்களா மாப்ள, ரொம்ப நல்லதுங்க" என்றேன்.

அதை அடியோடு நீக்கிப் பட்டியலை உறுதி செய்தபோது, தளத்தை மூடச் சில நிமிடங்களே பாக்கி. கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. மாப்பிள்ளை மேல் வரும் கோபத்தை வீட்டில் கொட்ட முடியுமா? அதனால்தான் இங்கே, முகநூலில்.

ஒரே சிக்கல், அவரும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். உங்களில் யாராவது, "அது எங்க வீட்டு மாப்பிள்ளை" என்று கமெண்டில் ஒப்புக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.