நிந்தவூர்த் தயிரும் அழிக்கப்பட்ட பதிலும்

காலை ஆறே முக்காலுக்கு மட்டக்களப்பில் அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். நிந்தவூருக்கு ஐம்பது கிலோமீற்றர் வரும். தயிர் சாப்பிடப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் காணாமல் போன ஒரு பதிலைத் தேடிப் போனேன்.

கொழும்பில் சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவர், போன கிழமை நிந்தவூர் பரீதாவின் தயிரைச் சாப்பிட்டு முகத்தைச் சுளித்தார். "எருமைத் தயிர் என்று பசுப்பால் கலந்து ஏமாற்றுகிறார்கள்" என்றார். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். அதன் கீழே பரீதா எழுதிய நீண்ட பதிலின் முதல் வரி மட்டும் என் கண்ணில் பட்டது: "கலந்ததுதான், நான்தானே உங்களுக்குச் சொன்னன்." மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம் என்று வேலை முடித்து வந்தால் பதிலைக் காணோம். எங்கே என்று நான் எழுதிக் கேட்ட கேள்வியும் சற்று நேரத்தில் காணாமல் போனது.

நானும் ஒரு சின்னச் சாப்பாட்டுப் பக்கம் நடத்துகிறவள். கறி சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதுவேன். திட்டு வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அடுத்தவர் சொன்னதை அழிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பெரிய ஆக்களோட ஏன் கொழுவுறாய்?" என்று சிநேகிதி ஒருத்தி கேட்டாள். கொழுவத்தான் போகிறேன் என்றேன்.

எட்டரைக்கு நிந்தவூரில் இறங்கினேன். மாரி முடியாத வானம், வீதிக்கு மேற்கே பார்த்த இடமெல்லாம் பச்சை வயல். ஆட்டோக்காரரிடம் பரீதா வீடு என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கலப்படத் தயிர் வீடா?"

"வீடியோ பார்த்தீங்களா காக்கா?" என்றேன். அங்கே அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு ராத்தா.

"ஓம். நாலு வருசமா அங்கதான் வாங்கின. இப்ப வீட்டில வேணாங்கிறா."

ஓட்டத்துக்கு நூற்றைம்பது ரூபாய். காத்திருக்கச் சொன்னேன்.

பரீதாவுக்கு நாற்பது வயதிருக்கும். மதிலோரம் காலிச் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லிவிட்டு நேரே கேட்டேன்: "ராத்தா, பசுப்பால் கலக்கிறது உண்மையா?"

"ஓம். வயல் விதைச்சா எருமைய இங்க வெச்சிரிக்க ஏலா, பயிரத் திண்டுரும். சாகாமக் குளத்துப் பக்கம் கொண்டு போயிருவம். வெட்டி முடிஞ்சாத்தான் திரும்பி வரும். அதுவரைக்கும் எருமைப்பால் கொஞ்சம்தான் கிடைக்கும், அரைவாசி பசுப்பால்தான். கலந்த சட்டிக்கு பச்சைக் கயிறு, முழு எருமைக்கு வெள்ளைக் கயிறு. கலந்ததுக்கு விலையும் குறைவு. எல்லாத்தையும் அவருக்கிட்டச் சொன்னன். வீடியோவில அத வெட்டிட்டார். எழுதினன், அழிச்சிட்டார். திரும்ப எழுதினன், அவர்ட பக்கத்தில என்னையே தடுத்துட்டார்."

கல்முனையில் ஒரு கல்யாண வீடு தயிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். இன்னும் இரண்டு வீடு இப்படிச் சொன்னால் எருமைகளை விற்றுவிடலாம் என்கிறாராம் கணவர். அதைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கியது.

பாவம் என்பதற்காக நான் எழுதுவதில்லை. போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். "எருமைத் தயிராம்" என்று அவர் சிரிக்கும் இடத்தில் நிறுத்தினேன். அவர் தூக்கிக் காட்டிய சட்டியின் வாயில் பச்சைக் கயிறு.

ஆட்டோக்காரர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நிந்தவூரான் நானே கயிறப் பாக்கல்லயே" என்றார். பிறகு, "ராத்தா, எனக்கொரு சட்டி தாங்க."

நானும் ஒன்று வாங்கினேன், நானூற்றைம்பது ரூபாய். அங்கேயே இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்டேன். பரீதா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட மனம் துடித்தது. நாக்கு விடவில்லை.

"கொஞ்சம் இளகல் ராத்தா. புளிப்பும் கூட."

"அதையும் எழுதுங்க தங்கச்சி. நல்லதை மட்டும் எழுதினா உங்களையும் நம்பமாட்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் எழுதத் தொடங்கினேன். சாகாமம், கயிறு, இளகல், புளிப்பு, அழிக்கப்பட்ட பதில், ஒன்றையும் விடவில்லை. கல்முனையில் பஸ் நின்றபோது வீடியோவில் கயிறு தெரியும் அந்த இடத்தின் படத்தோடு போட்டுவிட்டேன். கல்லாறு தாண்டும்போது அந்த வீடியோக்காரரே என் பதிவின் கீழே வந்தார். ஒரே வரி: "இதற்கு எவ்வளவு வாங்கினீங்க?"

அழித்துவிடலாம் போலிருந்தது. என் பக்கம், என் பெருவிரல், ஒரு தட்டுத் தட்டினால் ஆள் இல்லை. அவருக்கும் அன்றைக்கு இப்படித்தான் சுலபமாக இருந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டேன்.

கல்லடிப் பாலத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவருடைய வரிக்குக் கீழே பரீதா பதில் எழுதியிருந்தார்: "அவ நானூற்றைம்பது தந்திட்டுப் போறா. நீங்க அண்டைக்கு சும்மா சாப்பிட்டீங்க. வயல் வெட்டினாப் பிறகு வாங்க, வெள்ளைக் கயிறு கட்டினது தாறன்."

அவருடைய கேள்வியை அழித்தால் அதன் கீழுள்ள இந்தப் பதிலும் போய்விடும். இரண்டும் அங்கேயே இருக்கின்றன.