கண்மாய் நிறைந்ததும் நின்றுபோன சிக்னல்

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனி ராஜபாளையத்தில். பல வருடங்களாகக் காலையில் பஸ் ஏறிப் போய் விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்துகொண்டிருந்தேன். எந்த லாரியில் எந்தத் துணிப் பேல் ஏறுகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் சீட்டுப் போடுவது என் வேலை. சீட்டு இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

தை மாதத்தில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பி வந்தது, நடை வரவில்லை. மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். மனைவியின் அக்கா கான்சாபுரத்தில் இருந்து வந்து பார்த்துவிட்டு, "எங்கிட்டக் கொண்டாந்து விட்ருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்று ராத்திரி மனைவி சாப்பிடவில்லை.

"எங்கக்கா நல்லவதான். ஆனா அவ கையால நான் குளிக்க மாட்டேன். நீங்கன்னா எனக்குக் கூச்சம் இல்ல" என்றாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்க வேண்டும். எனக்கு எதையும் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. மூன்று நாள் முதலாளி அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். அவரே கூப்பிட்டார்.

"ஏன்யா, இதை வாயால சொன்னா வாய் வலிச்சிருமா?"

சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனை. முன்பு ஒரு தடவை இன்டர்நெட் வழியாக வைரஸ் வந்து ஆபீஸ் ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. அதிலிருந்து சீட்டுப் போடும் கம்ப்யூட்டரை அவர் நெட்டில் சேர்க்க விடுவதில்லை. "இங்க இருந்து உன் வீட்டுக்கு நேரா லைன் கெடைக்குமான்னு பாரு. ஊரெல்லாம் சுத்தி வரக் கூடாது."

கேமரா மாட்டும் கடை வைத்திருக்கும் பாய்தான் வழி சொன்னார். ஆபீஸ் மாடியில் ஒரு டிஷ், என் வீட்டு மாடியில் ஒரு டிஷ். நடுவில் ஒயர் கிடையாது, பதினோரு கிலோமீட்டர் காற்றுதான். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். தென்னந்தோப்பு, வயல், ஒரு கண்மாய் என்றேன்.

"அது கண்மாயாண்ணே? கிரிக்கெட் கிரவுண்டுல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் தண்ணீர் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கருவேலம் முளைத்து, ஆடு மேய்ந்து, எல்லோருக்குமே அது தரைதான்.

ஒரு மத்தியானம் பாய் ஆபீஸ் மாடியில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை என் பக்கம் திருப்பினார். நான் வீட்டு மாடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். தென்னைகளுக்கு மேலே வெள்ளைப் பொட்டு ஒன்று மின்னியது.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது."

"சத்தமாச் சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி முனங்குதிய!"

அந்தப் பொட்டைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பினேன். கட்டிலுக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து சீட்டுப் போடுவேன், இடையில் எழுந்து அவளைத் திருப்பிப் படுக்க வைப்பேன், மறுபடி வந்து உட்காருவேன். கோடை முழுவதும் ஒரு லாரிகூட நிற்கவில்லை.

ஆவணி வாக்கில் எனக்குள் ஒரு மாற்றம் வந்தது. மருந்துக் கடையையும் காய்கறிக் கடையையும் தவிர நான் எங்கேயும் போவதில்லை. ஆபீஸில் நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். ஆனால் பதினோரு மணி டீக்கு மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது இல்லாமல் மூச்சு முட்டுவது போல இருந்தது. அதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்து, ஊரே கரையில் நின்று போட்டோ எடுத்தது. அந்த வாரமே பச்சை விளக்கு அணைய ஆரம்பித்தது. காலையில் இருக்காது, பத்து மணிக்கு மேல் தானாக வரும். லாரி ஏற்றுவதோ காலையில். பாய் வந்து என் வீட்டு மாடியில் டிஷ் நிற்கும் கம்பத்தைப் பத்தடி உயர்த்தினார். இன்னும் மோசமானது.

முதலாளி போன் செய்தார். "திங்கக்கிழமை காலைல லாரி நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா மறுநாள்ல இருந்து நீ பஸ் ஏறி வந்துரு. வீட்டுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோ."

புதன்கிழமை காலை மருந்து வாங்கிக்கொண்டு கண்மாய்க் கரை வழியாக வந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேற்கு மலை அதில் தலைகீழாக, ஒரு கோடு பிசகாமல் தெரிந்தது. காற்று வீசியது. மலை கலைந்தது. அந்நேரம் மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, பச்சை வந்துருச்சு! வெரசா வாங்க!"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மலையின் பிம்பம் விழுவது போல சிக்னலும் தண்ணீரில் விழுந்து எழும்பி வந்து, நேராக வருவதைக் கெடுக்கிறது. தண்ணீர் அசைந்தால் விட்டுவிடுகிறது.

அன்றைக்கே பாயிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு படித்த நான் அவருக்கு எப்படிச் சொல்வது, கூச்சமாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை. விளக்கு வராவிட்டால் நான் பஸ் ஏறலாம். அவளை அக்கா வீட்டுக்கு அனுப்ப வைப்பது முதலாளி, நான் இல்லை. வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின.

சனிக்கிழமை அவளைத் தூக்கி உட்கார வைக்கும்போது கட்டிலுக்குக் கீழே ஒரு பை காலில் இடித்தது. உள்ளே அவளுடைய சேலைகள் இருந்தன. ஒற்றைக் கையால் மடித்தவை, ஓரம் எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை.

"என்ன இது?"

"கான்சாபுரம் போணும்ல. கடைசி நேரத்துல ஒங்களுக்குச் செரமம் வேண்டாம்னு."

மாடிக்குப் போய்ப் பாய்க்குப் போன் செய்தேன். முதலில் சிரித்தார். பிறகு சென்னையில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு அவரே கூப்பிட்டார். "அண்ணே, நீங்க சொன்னதுதான். நாம ஏத்துனோம்ல, எறக்கணும்! எறக்குனா தண்ணியில பட்டு வர்றதத் தென்னை மறைச்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை வந்து கம்பத்தை ஏற்றிய பத்தடிக்கும் கீழாக, இன்னும் ஒரு ஆள் உயரம் இறக்கினார். "எம்புட்டு நாளா மனசுல வச்சிருந்திய?" என்று கேட்டார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலையில் காற்றே இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. முதல் லாரிக்குச் சீட்டுப் போட உட்கார்ந்தேன்.

"ஏங்க, தண்ணிதான் காரணம்னு என்னைக்குத் தெரிஞ்சுது?" என்று பின்னாலிருந்து கேட்டாள். அவளிடம் எனக்குப் பொய் வராது.

"புதன்கிழமை."

"நான் போன் பண்ணுனனே, அப்பவா?"

"ஆமா."

"சீட்டப் போடுங்க. லாரி நிக்கும்" என்றாள்.

லாரி எதுவும் நிற்கவில்லை. இன்றுவரை நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். அந்தத் திங்கள் மத்தியானம் வெந்நீர் வைத்து அவளைக் குளிப்பாட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு முன் ஒரு நாளும் அப்படி மூடியதில்லை.