பென்குயின் கூட்டத்தில் கேட்ட குரல்

எங்கள் பரம்பரையில் பொய்க்கு இடமில்லை. ஆகவே இதை நம்புங்கள். போன மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், விசுவமடுவில் என் வீட்டு விறாந்தையில் நடந்தது.

மகள் வினோஜா என் சொல்லை மீறிக் கலியாணம் முடித்துப் பளைக்குப் போனவள். அன்றே, செத்தவர்களுக்குச் செய்வதுபோல, கிணற்றடியில் அவளுக்குத் தலைமுழுகினேன்.

மனைவி கமலாசனி அன்று காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள்.

“பிள்ளைக்கு வருத்தம் கடுமையாம், படுத்த படுக்கையாம். ஒருக்கா வாங்கோவன், போய்ப் பாப்பம்.”

“தலைமுழுகினது முழுகினதுதான்.”

“அப்ப மானத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ!” குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணி. போனில் ஒரு வீடியோ வந்தது. தென்துருவக் கடலுக்குப் போகும் கப்பலில் சமையல் வேலை செய்யும் மகன் கிருசாந்தன் அனுப்பியிருந்தான். பனி. கரும்பாறைகள். கண்ணுக்கெட்டிய மட்டும் பென்குயின்கள். மேலே, குஞ்சு தூக்கக் காத்துச் சுற்றும் பெரிய கடற்பறவைகள். காதைப் பிளக்கும் இரைச்சல். கீழே எழுதியிருந்தான்: “இவ்வளவு கூட்டத்துக்கையும் தன்ரை குஞ்சின்ரை குரலைத் தகப்பன் கண்டுபிடிச்சிடுமாம், அப்பா.”

அந்த இரைச்சலுக்குள்...

“அப்பா...”

வினோஜாவின் குரல்.

கமலாசனி ஓடிவந்தாள். “கேட்டதே?”

“பறவை.”

“அப்பா...”

உச்சிப்பொழுதில் ஆள் தெரியாமல் குரல் கேட்டால் எங்கள் பக்கத்தில் பதில் கொடுப்பதில்லை. கொடுத்தால், கூப்பிட்டது வீட்டோடு தங்கிவிடும். பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது உயிருள்ள மனிதர்.

போனை அணைத்தேன்.

திரை கறுத்தது.

முற்றத்துக் கோழிகள்கூட அசையவில்லை.

நான் இருந்த கதிரைக்குப் பின்னால்...

“அப்பா.”

மூன்று.

உயிரோடு இருக்கிறாள். வந்துவிட்டாள்.

“ஓம், பிள்ளை” என்றேன்.

திரும்பினேன்.

யாருமில்லை.

சீமெந்துத் தரையில் ஈரம். தொட்டேன். பனிபோல் விறைத்தது. மீன் வெடில் மூக்கில் அடித்தது.

பின்னேரம் அவளுடைய புருசன் சஜீவன் வந்தான். முதல் தடவையாக என் வாசல் படலைக்குள்.

“பன்ரண்டு மணிக்கு முடிஞ்சுது, மாமா. ‘அப்பா’ எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவள். மூண்டாம் தரமும் வாயைத் திறந்தவள்... சத்தம் வரேல்லை.”

செத்தவீடு முடிந்த பிறகு கிருசாந்தனிடம் அந்த வீடியோவைப் பற்றிக் கேட்டேன்.

“அங்கை ஒரே காத்து, அப்பா. சத்தத்தை முழுக்க அழிச்சுப்போட்டுத்தான் அனுப்பினனான்.”

இப்போது மத்தியானத்தில் கமலாசனி மூன்று சோற்றுக் கோப்பை வைக்கிறாள். நான் தடுப்பதில்லை.

பதில் சொன்னவன் நான் அல்லவா.